வினாத்தாளைத் திருத்தும் மாணவர்கள்

2024 மே 5, ஞாயிற்றுக்கிழமை. மாலை 5.20 மணிக்கு நீட் தேர்வு முடிந்தது. அன்று தேர்வெழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். ஓ.எம்.ஆர். தாளை அறையிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். வினாத்தாளைக் கையோடு எடுத்துவரலாம். அது கையில் இருப்பதால் வாசலைத் தாண்டியதுமே பேச்சு தொடங்கிவிடுகிறது. ‘பிசிக்ஸ்ல அந்த அணு கேள்விக்கு நீ எதைப் போட்ட, ரெண்டா நாலா?’ என்பது போன்ற கேள்விகள் பேருந்திலும் ரயிலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் நள்ளிரவு வரை ஓடுகின்றன. அந்த ஆண்டு அந்த ஓர் அணுக் கேள்வி, பேருந்தில் தொடங்கிய பேச்சாக மட்டும் நிற்காமல் உச்ச நீதிமன்றம் வரை போனது.

கேள்வியில் இரண்டு கூற்றுகள் இருந்தன. நேர்மின்சுமையும் எதிர்மின்சுமையும் சம அளவில் இருப்பதால் அணு மின்நடுநிலை கொண்டது என்பது முதல் கூற்று. ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, தமக்கே உரிய நிறமாலையை உமிழ்பவை என்பது இரண்டாவது. முதலாவதில் யாருக்கும் சந்தேகமில்லை. இரண்டாவதில்தான் சிக்கல். யுரேனியம், ரேடியம் போன்றவற்றின் அணுக்கள் தாமாகவே சிதைகின்றன. எல்லாத் தனிமங்களின் அணுக்களும் நிலையானவை என்று சொல்ல முடியாது. அப்படிப் பார்த்தால், முதல் கூற்று சரி, இரண்டாவது தவறு என்ற நான்காவது தெரிவே சரி. ஆனால், என்.சி.இ.ஆர்.டி. பாடநூலின் பழைய பதிப்பில் அந்த இரண்டாம் கூற்று ஏறக்குறைய அப்படியே அச்சாகியிருந்தது. புதிய பதிப்பில் அது ‘பெரும்பாலான தனிமங்களின் அணுக்கள்’ என்று திருத்தப்பட்டிருந்தது. அண்ணனோ அக்காவோ படித்துவிட்டுக் கொடுத்த புத்தகத்தை வரிவரியாக மனப்பாடம் செய்தவர்கள், இரண்டு கூற்றுகளும் சரி என்ற இரண்டாவது தெரிவைப் போட்டார்கள்.

தேசியத் தேர்வு முகமை வெளியிட்ட தற்காலிக விடைக்குறிப்பில் நான்காவதுதான் சரி என்று இருந்தது. அதை எதிர்த்து 13,000க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் வந்தன. முகமை இறங்கிவந்து, இரண்டு தெரிவுகளுக்குமே மதிப்பெண் கொடுத்தது. ஜூன் 4ஆம் தேதி முடிவுகள் வந்தபோது 720க்கு 720 எடுத்தவர்கள் 67 பேர். அவர்களில் 44 பேர் இந்த ஒரு கேள்விக்குக் கிடைத்த சலுகையால் அந்த இடத்துக்கு வந்தவர்கள்.

குழப்பத்தில் அந்தக் கேள்வியைத் தொடாமலே விட்டுவிட்ட ஒரு தேர்வர் உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டார். நெகட்டிவ் மார்க்குக்கு அஞ்சி நேர்மையாக ஒதுங்கியவர்களுக்கு இதில் என்ன நியாயம் என்பது அவருடைய கேள்வி. தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு, மூன்று நிபுணர்களைக் கொண்டு விடையைத் தீர்மானிக்குமாறு டெல்லி ஐ.ஐ.டி. இயக்குநரைக் கேட்டது. மறுநாளே அறிக்கை வந்தது: நான்காவது தெரிவு மட்டுமே சரி. நான்கு லட்சத்து இருபதாயிரம் பேர் தலா ஐந்து மதிப்பெண் இழந்தார்கள். கிடைத்த நான்கு போனதோடு தவறான விடைக்கு ஒன்றும் கழிந்தது. ஜூலை 26ஆம் தேதி வெளியான திருத்திய பட்டியலில் முழு மதிப்பெண் எடுத்தவர்கள் 17 பேர்தான்.

அதே ஆண்டு வேறொரு குளறுபடியும் வெளிச்சத்துக்கு வந்தது. சிலர் 718, 719 என்று மதிப்பெண் பெற்றிருந்தார்கள். சரியான விடைக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழிவு என்ற கணக்கில் இந்த எண்கள் வரவே முடியாது. ஒரு கேள்வியை விட்டால் 716. ஒன்றைத் தவறாகப் போட்டால் 715. இந்தக் கூட்டல் கழித்தல் ஒவ்வொரு நீட் மாணவருக்கும் விரல்நுனியில் இருப்பது. பட்டியலைப் பார்த்ததும் கேள்வி எழுந்தது. தேர்வு மையங்களில் நேரம் வீணானதற்காக 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் தரப்பட்ட செய்தி அதன் பிறகே பொதுவெளியில் விரிவாகப் பேசப்பட்டது. அது ரத்துசெய்யப்பட்டு, ஜூன் 23ஆம் தேதி நடந்த மறுதேர்வை அவர்களில் 813 பேர் எழுதினார்கள்.

தேர்வு முடிந்தபின் விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதைப் பெற்றோர்கள் பதற்றத்தின் அறிகுறியாகப் பார்க்கிறார்கள். தேர்வு நடத்தும் அமைப்புகள் தொல்லையாகப் பார்க்கின்றன. வரலாறு காட்டுவது வேறு. நுழைவுத் தேர்வுகளின் பிழைகள் பெரும்பாலும் வெளிவந்தது இந்த ஒப்பிடலின் வழியாகத்தான். வினாத்தாளுக்கு நடக்கும் ஒரே பொதுத் தணிக்கை இதுதான். அதைச் செய்பவர்கள், இழப்பதற்கு நிறைய இருந்தும் அதிகாரம் குறைவாக உள்ள பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள்.

கான்பூரில் தொடங்கிய வழக்கு

இந்தியச் சட்டத்தில் இந்தத் தணிக்கைக்கு முக்கியமான அங்கீகாரம் கிடைத்தது 1983இல். உத்தரப் பிரதேச மருத்துவக் கல்லூரிகளில் சேர்வதற்கான 1982ஆம் ஆண்டு நுழைவுத் தேர்வைக் கான்பூர் பல்கலைக்கழகம் நடத்தியது. முடிவுகளோடு விடைக்குறிப்பையும் வெளியிட்டது. மாணவர்கள் அதைத் தங்கள் பாடநூல்களோடு வைத்துப் பார்த்தார்கள். சில கேள்விகளுக்குப் பல்கலைக்கழகம் சரி என்றது தவறாக இருந்தது. தாங்கள் எழுதியதே சரியாக இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது.

அந்த வழக்கின் தீர்ப்பு இன்றும் ஒவ்வொரு விடைக்குறிப்பு வழக்கிலும் மேற்கோள் காட்டப்படுகிறது. விடைக்குறிப்பு சரியென்றே முதலில் கொள்ள வேண்டும். நீண்ட வாதத்தால் வளைத்துப் பிடித்து அதைத் தவறென்று காட்டுவது போதாது. ஆனால் அந்தத் துறையை அறிந்த யாரும் ஏற்க முடியாத அளவுக்கு அது தவறென்று தெளிவாக நிறுவப்பட்டால், தவறான குறிப்போடு ஒத்துப்போகாததற்காக மாணவரைத் தண்டிக்கக் கூடாது. விடைக்குறிப்பை வெளியிடாமல் இருந்திருந்தால் சர்ச்சையே வந்திருக்காதே என்ற எண்ணத்தையும் நீதிமன்றம் எடுத்து ஆராய்ந்தது. மறைத்திருந்தால் மாணவர்கள் அநீதியை வாய்திறவாமல் சுமந்திருப்பார்கள், நோயைவிட மருந்து மோசமாகியிருக்கும் என்று அதை நிராகரித்தது. வெளியிட்ட பல்கலைக்கழகத்தின் நியாய உணர்வைப் பாராட்டவும் செய்தது. வினாத்தாள் தயாரிப்பவர்கள் தரும் விடைக்குறிப்பைச் சரிபார்க்க ஒரு முறை வேண்டும், ஐயத்துக்கிடமான கேள்வியை விரைந்து நீக்கிவிட வேண்டும் என்ற யோசனைகளும் தீர்ப்பில் உண்டு. தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட். நாற்பத்தொரு ஆண்டுகள் கழித்து அணுக் கேள்வியை விசாரித்தவர் அவருடைய மகன்.

இரண்டு வழக்குகளுக்கும் இடையில் ஒரு வேறுபாடு உண்டு. 1983இல் பாடநூல் மாணவர்களைக் காப்பாற்றியது. 2024இல் பழைய பாடநூல் அவர்களைக் கைவிட்டது. புத்தகத்தில் இருப்பது சரியா, உலகத்தில் இருப்பது சரியா என்ற கேள்வி நுழைவுத் தேர்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

மூன்று லட்சம் பேரில் மூன்று பேர்

அமெரிக்காவில் கேள்வித்தாள்கள் நெடுங்காலம் ரகசியமாகவே இருந்தன. எழுதியவர்கள் மதிப்பெண்ணை மட்டும்தான் பார்க்க முடியும். 1979இல் நியூயார்க் மாநிலம் ஒரு சட்டம் இயற்றி, கல்லூரி நுழைவுத் தேர்வுகளின் கேள்விகளையும் விடைகளையும் தேர்வெழுதியவர்களுக்குக் காட்டியாக வேண்டும் என்றது. தேர்வு அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டே ஆண்டுகளில் அதன் பலன் தெரிந்தது.

1980இல், சாட் என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு முன்னோட்டமாக நடந்த பி.சாட் தேர்வில் இரண்டு பிரமிடுகளை முகத்தோடு முகம் ஒட்டினால் புது உருவத்துக்கு எத்தனை முகங்கள் என்று ஒரு கேள்வி. குறிப்பின்படி விடை ஏழு. ஃபுளோரிடாவைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஐந்து என்று போட்டிருந்தார். தன் விடை தவறு என்று தெரிந்ததும் அவர் இரண்டு பிரமிடுகளையும் செய்து ஒட்டிப் பார்த்தார். ஒட்டும்போது பக்கத்து முகங்கள் ஒரே தளத்தில் சேர்ந்துவிடுவதால் ஐந்துதான் மிஞ்சியது. சுமார் இரண்டரை லட்சம் பேரின் மதிப்பெண் திருத்தப்பட்டது.

1982 மே மாத சாட் தேர்வின் கேள்வி இன்னும் புகழ்பெற்றது. ஒரு சிறிய வட்டத்தின் ஆரம், பெரிய வட்டத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு. சிறியது பெரியதைச் சுற்றி உருண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்தால் மொத்தம் எத்தனை முறை சுழன்றிருக்கும்? சுற்றளவு மூன்று மடங்கு என்பதால் எல்லோருக்கும் தோன்றும் விடை மூன்று. கேள்வியை எழுதியவர்களுக்கும் அப்படியே தோன்றியது. ஆனால் சிறிய வட்டம் நேர்கோட்டில் உருளவில்லை; ஒரு வளைவின் மேல் உருள்கிறது. அதன் மையம் சுற்றிவரும் பாதையின் ஆரம், சிறிய வட்டத்தின் ஆரத்தைப்போல் நான்கு மடங்கு. ஆகவே அது நான்கு முறை சுழல்கிறது. ஒரே அளவுள்ள இரண்டு நாணயங்களை மேசையில் வைத்து ஒன்றைச் சுற்றி மற்றதை உருட்டினால் இது புரிந்துவிடும்: ஒருமுறை சுழலும் என்று நினைத்த நாணயம் இரண்டு முறை சுழலும். தேர்வில் கொடுத்திருந்த தெரிவுகளில் நான்கு என்பதே இல்லை. சுமார் மூன்று லட்சம் பேர் எழுதிய தேர்வில் பிழையைச் சுட்டிக்காட்டி எழுதியவர்கள் மூன்று பேர். கேள்வி நீக்கப்பட்டது.

இந்த மூன்று பேரை ஒப்பிடலின் எல்லையை அறிவதற்காகவும் நினைவில் வைக்க வேண்டும். நண்பர்கள் பத்துப் பேரும் ஒரே விடையைச் சொல்வதால் அது சரியாகிவிடாது. விடைகளை எண்ணிப் பார்ப்பது ஒப்பிடலின் தொடக்கம் மட்டுமே. ‘ஏன் அதைப் போட்ட?’ என்று அடுத்த கேள்வி வரும்போதுதான் தணிக்கை நடக்கிறது.

நுழைவுச்சீட்டின் பின்பக்கம்

தென்கொரியாவில் விடை ஒப்பிடுவது தேர்வு முறையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. நவம்பரில் நடக்கும் சுனுங் என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண் வரச் சில வாரங்கள் ஆகும். ஆனால் பல பல்கலைக்கழகங்களின் கட்டுரைத் தேர்வும் நேர்காணலும் அதற்கு முன்பே வந்துவிடும். போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கத் தன் மதிப்பெண்ணைத் தானே கணக்கிட்டாக வேண்டும். அதனால் மாணவர்கள் போட்ட விடைகளை நுழைவுச்சீட்டின் பின்பக்கத்தில் வேகமாகக் குறித்துக்கொண்டு வருகிறார்கள். தேர்வு நடத்தும் அமைப்பும் அன்றே விடைகளை வெளியிட்டு, சில நாட்களுக்கு ஆட்சேபங்களைக் கேட்கிறது.

2013 நவம்பரில் உலகப் புவியியல் தாளில் ஒரு கேள்வி ஐரோப்பிய ஒன்றியத்தையும் வட அமெரிக்கத் தடையற்ற வணிக வட்டாரத்தையும் ஒப்பிட்டது. பாடநூல் பழைய புள்ளிவிவரப்படி ஐரோப்பாவின் மொத்த உற்பத்தியே பெரிது என்றது. கேள்வியோடு இருந்த வரைபடத்தில் 2012 என்ற ஆண்டு குறிக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டில் நிலைமை தலைகீழ். தேர்வு அமைப்பு பாடநூலைப் பிடித்துக்கொண்டது. மேல்முறையீட்டில் மாணவர்கள் வெல்ல 2014 அக்டோபர் ஆகிவிட்டது. மதிப்பெண் மாற்றப்பட்டு 600க்கும் மேற்பட்டோருக்குப் புதிதாக இடம் கிடைத்தது. அதற்குள் ஒரு கல்வியாண்டே கழிந்துபோயிருந்தது.

2021இல் உயிரியல்–2 தாளின் இருபதாம் கேள்வி. மரபியல் கணக்கு ஒன்றில், கொடுத்த நிபந்தனைகளை முழுமையாகப் பின்பற்றினால் உயிரினங்களின் எண்ணிக்கை பூஜ்யத்துக்கும் கீழே போனது. அப்படி ஒரு கூட்டம் இருக்கவே முடியாது. முரண்பாடு இருந்தாலும் விடையைக் கண்டுபிடிக்க வழியுண்டு என்றது தேர்வு அமைப்பு. 92 மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மரபியலாளர் ஜோனாதன் பிரிட்சர்ட் வரை அந்தக் கேள்வி போய், அவரும் பிழையை உறுதிசெய்தார். டிசம்பர் 15ஆம் தேதி சியோல் நீதிமன்றம் அந்த விடையை ரத்துசெய்தது. தேர்வு அமைப்பின் தலைவர் பதவி விலகினார். தேர்வு நடந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. முந்தைய வழக்கில் ஓராண்டு எடுத்த நியாயம் இம்முறை சேர்க்கைக்கு முன்பே கிடைத்தது.

தமிழில் எழுதியவர்களின் கதை

ஒப்பிடுவதற்கு ஆளில்லாதபோது என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு 2018இல் கண்டது. அந்த ஆண்டு நீட் தேர்வை சி.பி.எஸ்.இ. நடத்தியது. தமிழில் எழுதியவர்கள் சுமார் 24,000 பேர். தமிழ் வினாத்தாளையும் ஆங்கில வினாத்தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. தமிழில் மட்டுமே படித்த இரண்டு மாணவர்கள் தங்களுக்குள் எவ்வளவு பேசினாலும் இந்தப் பிழையைக் கண்டுபிடித்திருக்க முடியாது. இருவர் கையிலும் இருந்தது ஒரே பிழையான தாள். விதிமுறையோ, ஐயம் வந்தால் ஆங்கிலமே இறுதி என்றது.

மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலங்களவை உறுப்பினர் டி.கே. ரங்கராஜன் தொடர்ந்த வழக்கில், 2018 ஜூலை 10ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழில் எழுதிய ஒவ்வொருவருக்கும் 49 கேள்விகளுக்கு நான்கு வீதம் 196 மதிப்பெண் வழங்க உத்தரவிட்டது. பத்து நாட்களில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நவம்பரில் தீர்ப்பையே ரத்துசெய்தது. எல்லோருக்கும் ஒரேயடியாக 196 கொடுப்பது மற்ற மொழிகளில் எழுதியவர்களுக்கு அநீதி என்ற வாதத்தில் வலு உண்டு. ஆனால் பிழையான கேள்வியைப் படித்துக் குழம்பியவர்களுக்கு எந்த நிவாரணமும் இல்லாமலே அந்த ஆண்டு முடிந்தது. பிழையைத் தேர்வுக்குப் பிந்தைய முதல் வாரத்திலேயே கேள்வி கேள்வியாகப் பரிசீலித்திருந்தால் நீதிமன்றம் 196க்கும் பூஜ்யத்துக்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்திருக்காது.

மனம் செய்யும் கணக்கு

‘முடிஞ்சது முடிஞ்சுபோச்சு, அதையே பேசிக்கிட்டு இருக்காதே’ என்று வீட்டில் சொல்வதிலும் காரணம் உண்டு. ஒப்பிடும்போது மனம் நேர்மையான கணக்குப்பிள்ளையாக இருப்பதில்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் க்ரூகரும் சக ஆய்வாளர்களும் 1,500க்கும் மேற்பட்ட மாணவர்களின் விடைத்தாள்களில் அழித்துத் திருத்திய இடங்களை ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். மாற்றிய விடைகளில் 51 சதவீதம் தவறிலிருந்து சரிக்குப் போயிருந்தன. சரியிலிருந்து தவறுக்குப் போனவை 25 சதவீதம். மாற்றியதால் லாபமே அதிகம். ஆனால் மாணவர்களைக் கேட்டால், முதலில் தோன்றியதை மாற்றவே கூடாது என்றார்கள். சரியானதை அழித்து இழந்த மதிப்பெண், மாற்றாமல் இழந்ததைவிட அதிகமாக உறுத்துகிறது. அதிகம் உறுத்துவது நினைவில் தங்கிவிடுகிறது. ஒப்பிட்டுவிட்டு ‘மொதல்ல சரியாத்தான் போட்டிருந்தேன்’ என்று அழும் பிள்ளை அடுத்த தேர்வுக்குத் தவறான பாடத்தை எடுத்துச் செல்லக்கூடும்.

இதற்கு மறுபக்கமும் ஆய்வுகளில் இருக்கிறது. நான்கு தெரிவுகள் கொண்ட கேள்விகளில் ஒரு கெடுதல் உண்டு: தவறான தெரிவைத் தேர்ந்தெடுத்தவர், பின்னர் திருத்தப்படாவிட்டால், அதையே உண்மையாக மனத்தில் பதித்துக்கொள்ளலாம். சரியான விடையைத் தெரிவித்தால் அந்தக் கெடுதல் குறைகிறது என்று ஆண்ட்ரூ பட்லரும் ஹென்றி ரோடிகரும் 2008இல் காட்டினார்கள். நிச்சயம் சரியென்று நம்பிப் போட்ட விடை தவறென்று தெரியவரும்போது அந்தத் திருத்தம் மற்றவற்றைவிட நன்றாக நினைவில் நிற்கும் என்பது 2001இல் பட்டர்ஃபீல்டு, மெட்காஃப் ஆகியோரின் முடிவு. கொலராடோ பல்கலைக்கழகத்தில் மரபியல் வகுப்பு ஒன்றில் நடந்த ஆய்வு 2009இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்தபின் மாணவர்கள் அதே கருத்தைக் கேட்கும் புதிய கேள்விக்கும் மேலான விடை தந்தார்கள். தொடக்கத்தில் குழுவில் ஒருவருக்குமே விடை தெரியாதிருந்தபோதும் இது நடந்தது. பேருந்தில் நடக்கும் அணு விவாதத்தில், அன்று காலைவரை நடந்த மனப்பாடத்தைவிட அதிக இயற்பியல் இருக்கலாம்.

இருநூறு ரூபாய்

இவ்வளவு பயனுள்ள தணிக்கையை இந்திய அமைப்பு எப்படி நடத்துகிறது? தேசியத் தேர்வு முகமையின் விதிப்படி ஒரு கேள்விக்கு ஆட்சேபம் தெரிவிக்க 200 ரூபாய் கட்ட வேண்டும். ஆட்சேபம் சரியென்று ஏற்கப்பட்டாலும் பணம் திரும்பாது. கால அவகாசம் சில நாட்கள். ஆட்சேபம் ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா என்று தனித்தனியாகத் தெரிவிக்கப்படுவதில்லை. இறுதி விடைக்குறிப்பில் எண் மாறியிருந்தால் ஏற்கப்பட்டது என்று மாணவரே ஊகித்துக்கொள்ள வேண்டும். காரணம் எங்கும் எழுதப்படுவதில்லை.

பெரிய கோச்சிங் மையங்களில் படிப்பவருக்கு இது பெரிய தடையில்லை. தேர்வன்று மாலையே மையத்தின் ஆசிரியர்கள் விடைகளைப் போட்டுவிடுவார்கள். ஆட்சேபத்துக்கு வேண்டிய பாடநூல் பக்கங்களையும் எடுத்துக் கொடுப்பார்கள். அரசுப் பள்ளியில் படித்து, தனியாகத் தயாரான மாணவிக்கு அந்தத் துணை இல்லை. மூன்று கேள்விகளில் ஐயம் என்றால் 600 ரூபாய். அது பல வீடுகளில் ஒரு நாள் கூலி. பிழையைக் கண்டுபிடித்துத் தரும் வேலைக்கு, கண்டுபிடித்தவரிடமே கட்டணம் வாங்குவது நியாயமில்லை. வீண் ஆட்சேபங்கள் குவியும் என்ற கவலை உண்மையானதே. ஏற்கப்பட்ட ஆட்சேபத்துக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலே அந்தக் கவலைக்கும் இடம் கொடுத்து, நியாயத்துக்கும் இடம் கொடுத்ததாகும்.

அதைவிட முக்கியம் காரணங்களை வெளியிடுவது. அணுக் கேள்விக்கு இரண்டு விடைகளை ஏற்றபோது, அதன் பின்னிருந்த வாதத்தை ஒரு பக்கத்தில் எழுதி அன்றே வெளியிட்டிருந்தால், நாட்டின் இயற்பியல் ஆசிரியர்கள் ஒரே வாரத்தில் அதைப் பரிசோதித்திருப்பார்கள். நான்கு லட்சம் பேரின் ரேங்க் மாறுவதற்கு ஜூலை கடைசிவரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

இப்போது தேர்வுகள் கணினிக்கு மாறுகின்றன. 2024 முதல் அமெரிக்காவில் சாட் முழுக்கக் கணினிவழித் தேர்வாகிவிட்டது. முதல் பகுதியில் எப்படிச் செய்தார் என்பதைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் அடுத்த பகுதியின் கேள்விகள் வேறுபடுகின்றன. எழுதிய தாளைக் கட்டணத்துக்குத் தேர்வருக்குக் காட்டிவந்த சேவையும் நின்றுவிட்டது. வட்டம் உருண்ட கேள்வி இன்று வந்தால் அந்த மூன்று மாணவர்களின் கையில் எழுதிக் காட்ட எதுவும் இருக்காது. இந்தியாவிலும், 2024 குளறுபடிகளுக்குப்பின் இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த குழு கணினிவழித் தேர்வுகளை நோக்கிப் போகப் பரிந்துரைத்திருக்கிறது. வினாத்தாள் கசிவைத் தடுக்க அது உதவலாம். பல அமர்வுகளாகத் தேர்வு பிரியும்போது ஒரே கேள்வியை எழுதியவர்களின் கூட்டம் சிறிதாகும். ஒப்பிட ஆட்கள் குறைவார்கள். பிழை தப்பித்துப்போக இடம் அதிகரிக்கும். ஆகவே ஒவ்வொரு அமர்வின் முழு வினாத்தாளும், எல்லா மொழி வடிவங்களிலும், தேர்வரின் விடைகளோடு அவர் கைக்கு வர வேண்டும். ஆட்சேபத்துக்கு இரண்டு வாரமாவது வேண்டும். நீக்கப்பட்ட, திருத்தப்பட்ட, மறுக்கப்பட்ட ஒவ்வொரு கேள்விக்கும் கையெழுத்திட்ட நிபுணர் குறிப்பு வெளியாக வேண்டும். இவை எல்லாவற்றையும் கலந்தாய்வு தொடங்கும் முன்பே முடிக்க முடியும் என்பதைத் தென்கொரியாவின் 2021ஆம் ஆண்டு டிசம்பர் காட்டியிருக்கிறது.